ஒரு மீட்டர் லைனிங்குக்கு ஐந்து மாடி

நேற்று மதியம் மதுரை தெற்குமாசி வீதியில் ஒரு மீட்டர் லைனிங் துணி வாங்க எனக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. கல்யாண ஜவுளி எடுக்கப் போகவில்லை. அம்மாவின் அரக்குச் சுங்குடிச் சேலைக்கு ரவிக்கைத் துணி ஒன்று, உள்ளே வைத்துத் தைக்க லைனிங் ஒரு மீட்டர், அவ்வளவுதான்.

விளக்குத்தூண் பக்கம் நான் வழக்கமாகப் போகும் மேட்சிங் கடை இருந்த இடத்தில் தகரத் தடுப்பு நிற்கிறது. பக்கத்து மூன்று கடைகளும் அந்தத் தடுப்புக்குள் போய்விட்டன. மேலே ஒரு நடிகை பட்டுடுத்திச் சிரிக்கிறார். 'மதுரையில் விரைவில்' என்று எழுதியிருக்கிறது. மற்ற ஊர்களிலெல்லாம் திறந்தாயிற்று, மதுரைதான் பாக்கியாம்!

வேறு வழியில்லாமல், ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட இன்னொரு ஐந்து மாடிக் கடைக்குள் நுழைந்தேன். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். லைனிங் மூன்றாவது மாடி என்றார்கள். மூன்றாவது மாடியில், "அது கீழ்த்தளம், மேடம்." லிஃப்டுக்கு வரிசை. துணியை வெட்ட ஓர் இடம், பில் போட ஓர் இடம், பணம் கட்ட ஓர் இடம், பொட்டலத்தை வாங்க இன்னோர் இடம். பணம் கட்டும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள். லைனிங்குக்கு எதற்கு என் நம்பர் என்றேன். "நம்பர் இல்லாமல் பில் விழாது, மேடம்." அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் ஏறி இறங்கிய தளங்களில் ஒரு முக்காலியைக்கூடக் காணவில்லை.

பழைய கடைக்காரர் எப்படி நிறம் பார்ப்பார் தெரியுமா? சேலையின் முந்தானையையும் நான்கைந்து துணிச் சுருள்களையும் அள்ளிக்கொண்டு கடைப் படிக்கு வந்துவிடுவார். வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பார். "டியூப் லைட்டை நம்பாதீர்கள் அம்மா, வீட்டுக்குப் போனதும் காட்டிக்கொடுத்துவிடும்" என்பார். ஐந்து மாடிக் கடையில் வெயிலுக்கு எங்கே போவது? முகப்பு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

பழைய கடைக்காரர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நான்கு துணிக்கு மேல் எடுத்துப் போடச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பில் கேட்டால் காதே கேட்காது. ஆனால் ஒரு மீட்டர் வாங்குகிறவளும் அங்கே வாடிக்கையாளர்தான். பெரிய கடையில் நான் கூட்டத்தோடு கூட்டம்.

மதுரை வீதிகள் சின்னக் கடைகளை நம்பி வாழ்ந்தவை. தெற்கு ஆவணி மூல வீதி என்றால் நகை, கீழமாசி வீதி என்றால் மளிகை மொத்த வியாபாரம்; வெண்கலக்கடைத் தெருவுக்குப் பெயரே சரக்கைச் சொல்லிவிடும். ஒரு படியில் விலை ஒத்துவராவிட்டால் அடுத்த படி ஏறலாம். பேரம் என்பது அந்தப் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான்கு கடையை இடித்து ஒரே வாசல் வைத்தால் யாரோடு யாரை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது? விலைச்சீட்டோடா?

கட்டட உரிமையாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பங்கிருக்கும் பழைய கட்டடத்துக்கு ஒருவர் மொத்தமாக அட்வான்ஸ் கொண்டுவந்து வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர்தான் பாவம், மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கிறது.

தெருவையாவது நமக்கு விட்டுவைத்தார்களா? சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் வீதி இது. அதில் கயிறு கட்டி, தங்கள் கடைக்கு வருகிறவர்களின் காருக்கு இடம் பிடிக்கிறார்கள். நான் சும்மா ஓரமாக நின்றதற்குக் காவலாளி விசில் ஊதி விரட்டுகிறார். மாநகராட்சிச் சாலையில் நிற்க இவர்களிடம் டோக்கன் வாங்க வேண்டுமா? 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்ததுதான் அந்த விளக்குத்தூண். இப்போது அதைச் சுற்றிக் கண்ணாடியில் கோட்டை எழும்புகிறது.

மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான். இப்போது அங்கே கதர்க்கடை நடக்கிறது. ஒரே ஒரு துண்டுத் துணி போதும் என்று அவர் இன்றைக்கு இந்த வீதிக்கு வந்தால், அவரிடமும் போன் நம்பர் கேட்பார்கள்.

என் நம்பருக்கு இன்று காலையிலிருந்து மூன்று தள்ளுபடிக் குறுஞ்செய்திகள் வந்துவிட்டன. கடைக்குள் அரக்காகத் தெரிந்த லைனிங் எங்கள் வீட்டு முற்றத்தில் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது. பில்லின் அடியில் 'வெட்டிய துணி மாற்றித் தரப்படாது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்து, கரித்துணிக்கு ஆகும் என்று அடுப்படியில் போட்டுவிட்டார்.