விழிப்புணர்வு இல்லையாம்!

சனிக்கிழமை கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "லத்தீனோக்களுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு, அல்சைமர் என்கிற மறதி நோய் பற்றி விழிப்புணர்வே கிடையாது" என்று மேடையில் பேசியவர் சொன்னதும் மொத்த அரங்கமும் தலையாட்டியதே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்காவில் வெள்ளை இன முதியவர்களைவிட லத்தீனோ முதியவர்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய 1.5 மடங்கு அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சின்ன வயதில் படிக்க முடியாமல் போனது, எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. படிக்க வசதியில்லாததும் விழிப்புணர்வுக் குறைவுதானோ?

இங்கே ஹூஸ்டனில் எங்கள் பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போனவள் நான். பாட்டியின் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு வயல் வேலைக்குப் போன மனுஷியிடம் நினைவுப் பரிசோதனை என்று நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறார்கள். மொழிபெயர்க்க யார்? பள்ளிக்கூடம் போகும் பேத்தி! பாட்டி தேதியைத் தப்பாகச் சொல்ல, பிள்ளை வெட்கப்பட்டுச் சரியாக மாற்றிச் சொன்னது என் அரைகுறை ஸ்பானிஷுக்கே புரிந்தது. சிறுவர்களை இப்படி வைத்து மொழிபெயர்க்கக் கூடாதென்று விதியே இருக்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன், யார் காதில் வாங்கினார்கள்? வயசாச்சு, மறதி சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னது குடும்பம் இல்லை, ஆஸ்பத்திரி.

உடனே ஒருவர் வருவார், "வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்தானே?" என்று. மறைக்கிறார்கள். எந்த வீட்டில் மறைக்கவில்லை? "மரபணுதான் காரணம்" என்பவருக்குக் கொலம்பியாவின் அந்தியோகியா பகுதியைக் காட்டுகிறேன். ஒரு மரபணுப் பிறழ்வால் நாற்பதுகளிலேயே நினைவு தடுமாறும் பெரிய உறவுக்கூட்டம் அங்கே இருக்கிறது. 2024இல் மறைந்த டாக்டர் பிரான்சிஸ்கோ லோபெரா பல பத்தாண்டுகள் அவர்களோடு வேலை செய்தார். ரத்தம் கொடுத்தார்கள், மருந்துச் சோதனைக்கு வந்தார்கள், செத்தவர்களின் மூளையையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். போய் அவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுங்கள், போங்கள்.

"உனக்கென்ன அவர்கள்மேல் இவ்வளவு அக்கறை?" என்று நம்மவர் ஒருவரே இன்பாக்ஸில் கேட்டிருந்தார். வலித்தது. இந்த ஊரில் அடுத்தவர் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி கண்விழிக்கும் பெண்களில் எத்தனை பேர் லத்தீனோக்கள் என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பாட்டியின் மகள் பார்ப்பதும் அதே வேலைதான். அவளுக்குத் தன் அம்மாவைப் பார்க்க யார் லீவு கொடுப்பார்கள், சம்பளம் யார் போடுவார்கள்? இதைக் கேட்டால் அரசியல் பேசுகிறேனாம். சரி, அரசியல்தான் பேசுகிறேன். பிடிக்காதவர்கள் அன்பிரண்ட் செய்துகொள்ளலாம்.