மறுபடியும் சாய்ந்துவிட்டது

இன்று காலையும் காரின் வலது முன்பக்கம் தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஆறு மாதத்தில் மூன்றாவது முறை! ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கும் காற்று சஸ்பென்ஷனின் ரப்பர் பையில் மயிரிழை அளவு வெடிப்பு. அது கசியக் கசிய, ஈடுகட்ட ஓயாமல் ஓடிய, காற்றடைக்கும் கம்ப்ரஸரும் கருகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு மட்டும் 1,40,000 ரூபாயாம். பழைய கார் என்று விலையைக் குறைத்துத்தானே விற்றார்கள், உதிரிபாகத்துக்கு மட்டும் ஏன் புதுக் காரின் விலை? சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. வேளச்சேரியில்தான் வெள்ளைக்கோடுகூட இல்லாத எத்தனை வேகத்தடைகள்! ஒவ்வொன்றிலும் வயிறு கலங்குகிறது. மழை வந்தால் தூக்கமே இல்லை.

ஆனால் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டும்போது, பின்னிருக்கையில் தூங்கும் அம்மாவின் மூச்சுகூடக் கேட்கும் அந்த அமைதி... அதை எப்படி விற்பேன்?