அதிமதுரம் பற்றி ஒரு திருத்தம்

"வறட்டு இருமலுக்கு அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்து மாதக்கணக்கில் சாப்பிடலாம், மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தொண்டைக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் மாதக்கணக்கில் என்பது ஆபத்து. அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் என்ற வேதிப்பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று, எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளே சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அவர்கள் அதிமதுரத்தை நம்பினால் இருமலும் நிற்காது, பிரஷரும் ஏறும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அப்புறம், இருமல் 2 வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், காசநோய்ச் சோதனை அங்கே இலவசம்.