50 வயதானால் எல்லோருக்கும் கட்டாய ஓய்வா? இல்லை

"மத்திய அரசு ஊழியர்கள் 50 வயதைத் தொட்டாலோ 30 ஆண்டு பணி முடித்தாலோ வீட்டுக்குப் போக வேண்டியதுதான், புதுச் சட்டம் வந்துவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. பொதுவான ஓய்வு வயது 60தான். 1998இல் 58லிருந்து உயர்த்தப்பட்டது அப்படியே நீடிக்கிறது.

செய்தியில் வரும் எண்கள் மட்டும் கற்பனையல்ல. மத்திய அரசின் பணி விதிகளில் ஒன்றான அடிப்படை விதி 56(ஜே) பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 35 வயதுக்கு முன் பணியில் சேர்ந்த ஏ, பி பிரிவு (உயர்நிலை) அதிகாரிகளை 50 வயதுக்குப் பிறகும், மற்றவர்களை 55க்குப் பிறகும் பொதுநலன் கருதி ஓய்வில் அனுப்பலாம் என்கிறது அது. 30 ஆண்டு பணி முடித்தவரை இப்படி அனுப்பலாம் என்பது ஓய்வூதிய விதிகளில் உள்ள தனி ஏற்பாடு. 2020 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கை பழைய அறிவுறுத்தல்களைத் தொகுத்துத் தந்தது, அவ்வளவே. அதைத்தான் யாரோ 'புதுச் சட்டம்' ஆக்கிவிட்டார்கள்.

அந்த வயதில் நடப்பது பணி மறுஆய்வு. நேர்மையில் சந்தேகமோ திறமைக் குறைவோ இருந்தால்தான் சிக்கல். கடைசி ஐந்தாண்டுப் பணி திருப்தியாக இருந்தால், திறமையின்மையைக் காரணம் காட்டிச் சாதாரணமாக அனுப்ப முடியாது. அனுப்பினாலும் மூன்று மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் உண்டு; மூன்று வாரத்துக்குள் முறையிடலாம். இப்படி ஓய்வில் அனுப்புவது தண்டனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சொன்னது, ஓய்வூதியமும் பறிபோகாது.

இந்த அதிகாரம் ஒருதலைப்பட்சமாகப் பயன்படுமோ என்ற கவலை நியாயமானது, தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் 50 வயதானவர் எல்லோரும் மூட்டை கட்டத் தேவையில்லை.