எட்கர் டேல் சொல்லாத 90 சதவீதக் கணக்கு

“படிப்பதில் 10 சதவீதம்தான் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, செய்து பார்த்தால் 90” என்று ஒரு முக்கோணப் படம் ஆசிரியர் பயிற்சி ஸ்லைடுகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே எட்கர் டேல் பெயர் வேறு. கற்பித்தல் வடிவமைப்பில் முதுகலை படிப்பவர்களும் இதை ஆய்வு முடிவு என்று நம்பி அசைன்மென்டில் எழுதிவிடுவதுண்டு.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேல் 1946இல் வெளியிட்ட ‘அனுபவக் கூம்பு’ படத்தில் ஒரு எண்கூட இல்லை. நேரடி அனுபவம் அடியில், வெறும் சொற்கள் உச்சியில். கற்பிக்கும் வழிகளில் எது கண்கூடானது, எது அருவமானது என்று அடுக்கிக் காட்டியதோடு சரி. எது சிறந்தது என்ற தரவரிசை அல்ல அது. படத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே எச்சரித்திருந்தார்.

அப்புறம் சதவீதங்கள் எங்கிருந்து வந்தன? 1967இல் ட்ரைக்லர் என்பவர் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில் அவை அச்சாகின. ஆய்வு எதையும் அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. பிற்பாடு யாரோ அந்த எண்களைத் தூக்கிக் கூம்பின் மேல் ஒட்டிவிட்டார்கள். எல்லாமே பத்தின் மடங்காக இவ்வளவு அழகாக வந்து நிற்கிறதே, அதைப் பார்த்தாவது சந்தேகம் வர வேண்டாமா? செய்து பார்ப்பது உதவும்தான். ஆனால் எவ்வளவு நினைவில் நிற்கும் என்பது பாடம், படிப்பவரின் முன்னறிவு, எத்தனை நாள் கழித்துச் சோதிக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்தது.