மூணே நாள்ல படை போயிருச்சாம்!

நம்ம ஊர் குரூப்பில் முந்தாநாளிலிருந்து ஓடுகிற அந்தப் படைக் களிம்பு டியூப்பின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே திரும்பப் போட மாட்டேன். "பழனிக்கு நடந்ததுல தொடை இடுக்கெல்லாம் படை. இதைத் தடவுனேன், மூணே நாள், போன இடம் தெரியல. நம்ம மக்களுக்குப் பயன்படட்டும்" என்று ஒரு தம்பி போட்டிருந்தார். கீழே, "அண்ணே எந்தக் கடையில கிடைக்கும்", "தேவகோட்டைக்கு அனுப்பிவிட முடியுமா" என்று வரிசை. "இதுல ஸ்டீராய்டு இருக்கு, படைக்குப் போடாதீங்க" என்று ஒரு வரிதான் எழுதினேன். உடனே பதில்: "மருந்துக்கடைக்காரருக்கு யாவாரம் கெடுது போல." அதற்கு எத்தனை சிரிப்பு பொம்மை!

அப்புறம் கொஞ்சம் விளக்கமாக எழுதினேன். "விளம்பரம்" என்று அட்மின் நீக்கிவிட்டார். டியூப் படம் விளம்பரம் இல்லையாம், நான் எழுதியது விளம்பரமாம். சரி, என் சுவரில் எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அந்த டியூப்பின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தவர் எத்தனை பேர்? க்ளோபெட்டசால் 0.05 சதவீதம், மைக்கோனசோல், நியோமைசின். படை பூஞ்சையால் வருவது. மூன்றில் அந்தப் பூஞ்சையைத் தாக்குவது மைக்கோனசோல் மட்டும். நியோமைசின் பாக்டீரியாவுக்கு, படைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மூன்று நாளில் மாயம் காட்டியது க்ளோபெட்டசால். தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது அது. பூஞ்சை வந்த இடத்தில் சிவப்பும் அரிப்பும் வருவது உடம்பு அதோடு சண்டை போடுவதால். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு போகும், சிவப்பு மங்கும். பூஞ்சை எங்கும் போகாது. தடுக்க ஆள் இல்லாததால் நிம்மதியாகப் பரவும், முடிக்கால் வழியாக ஆழத்துக்கும் இறங்கும். மணியடிக்கிறது என்று மணியைக் கழற்றி வைத்துவிட்டு, திருடன் போய்விட்டான் என்று படுத்துத் தூங்குவதுதான் இந்த மூணு நாள் வைத்தியம்.

மருந்தை நிறுத்தி ஒன்றிரண்டு வாரத்தில் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். வளையத்துக்குள் வளையமாக வரும், இல்லாவிட்டால் ஓரமே தெரியாமல் ஏதோ ஒவ்வாமை மாதிரி வரும். அனுபவமுள்ள டாக்டரையே குழப்பிவிடும். தொடை இடுக்கில் தோல் ஏற்கெனவே மெல்லிசு. அங்கே மாதக்கணக்கில் இதைத் தடவினால் தோல் கிழிந்த மாதிரி வரிவரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு ஆயுசுக்கும் மறையாது. திரும்பச் சொல்கிறேன்: மூன்று நாளில் போனது அரிப்புதான், படை இல்லை.

இன்னொன்று. அந்தத் தம்பிக்கு வந்தது படைதானா என்றே எனக்குச் சந்தேகம். அத்தனை மைல் வெயிலில் நடந்தால் பாதிப் பேருக்குத் தொடை உரசிப் புண்ணாகும். அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்திருக்கும், அரிப்பைவிட எரிச்சல் அதிகம், நடையை நிறுத்திக் காற்றாட விட்டால் நாலைந்து நாளில் தானாக ஆறும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். படை அப்படி இருக்காது. ஓரம் மேடாக, செதில் செதிலாக இருக்கும். நடுவில் தெளிந்து, ஓரம் வெளியே நகர்ந்துகொண்டே போகும். இடுக்கில் ஈரமாக, செக்கச்செவேலென்று, ஓரத்துக்கு வெளியே பொட்டுப் பொட்டாகச் சிதறியிருந்தால் அது கேண்டிடா என்கிற வேறு வகைப் பூஞ்சை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். தானாக ஆற வேண்டியது ஆறியிருக்கிறது, பேர் டியூப்புக்குப் போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

"சரி, குறை சொல்லத் தெரியுதுல்ல, என்ன போடணும்னு சொல்லு" என்பீர்கள். சொல்கிறேன்.

சின்னதாக, ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால், பூஞ்சையைத் தாக்குகிற வெறும் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு. கூட எதுவும் கலக்காதது. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. குளித்துவிட்டு ஈரம் சுத்தமாகத் துடைத்த பிறகு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். படையின் ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை, வெளியிலிருந்து உள்ளே தடவ வேண்டும். நம் ஆட்கள் சிவந்த இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறார்கள். பூஞ்சை அந்த நேரத்தில் ஓரத்துக்கு வெளியே நடந்துகொண்டிருக்கும். எத்தனை நாள்? இரண்டிலிருந்து நான்கு வாரம். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 15 கிராம் டியூப்பில் அரை அரை கிராமாக முப்பது தடவைக்குத்தான் வரும், அதாவது உள்ளங்கை இரண்டு அளவு இடத்துக்கே பதினைந்து நாள். டியூப் தீர்ந்த அன்றோடு வைத்தியமும் தீர்ந்தது என்று நினைத்தால் படை அடுத்த மாதம் விசாரிக்க வரும்.

டெர்பினஃபின், லூலிகோனசோல் எல்லாம் பொதுவாக நாளுக்கு ஒருமுறை தடவுகிற களிம்புகள். நல்ல மருந்துகள்தான், எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்லட்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் குறையவில்லை, உடம்பில் பல இடத்தில் இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் வந்துவிட்டது என்றால் களிம்போடு மல்லுக்கட்டாதீர்கள். மாத்திரை தேவைப்படும். டெர்பினஃபினுக்கு அடங்காத படை நம் நாட்டில் நிறையவே வருகிறது. அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள். டெர்பினஃபின் போய்ப் பூட்டுகிற நொதியையே மாற்றி வைத்துக்கொண்ட சாதி அது.

மாத்திரையை டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று ஏன் தொண்டை கிழியக் கத்துகிறோம் தெரியுமா? இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். காலையில் கேஸ் மாத்திரையைப் போட்டுவிட்டு இதையும் போட்டால் பாதி வீண். இதயம் பலவீனமானவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சில கொழுப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் தசை பாதிக்கும். ஃப்ளூகோனசோல் மாத்திரையோ, க்ளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையைப் போடுகிறவருக்குச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடக்கூடும். கர்ப்பிணி என்றால் கணக்கே வேறு. டெர்பினஃபினை வாரக்கணக்கில் போடுவதானால் ஈரல் நிலை தெரிய வேண்டும். குரூப்பில் ஒருவர் "கூடவே இந்த மாத்திரையும் நாலு போடுங்க" என்று எழுதியிருந்தார். படிக்கிறவருக்கு என்ன நோய் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

தேமல் தனிக் கதை. அதற்கு டெர்பினஃபின் மாத்திரை வேலையே செய்யாது. கீடோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஈர உடம்பில் பூசி ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். பூஞ்சை செத்தாலும் வெள்ளைத் திட்டு நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். "மருந்து கேட்கல" என்று அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதிலாக இருந்தால் களிம்பால் ஆகாது, மாத்திரைதான்.

களிம்பு மட்டும் போதாது. அரைஞாண் கயிற்றை யாராவது யோசிக்கிறோமா? நாள் முழுக்க வேர்வையில் ஊறி, குளித்தாலும் காயாமல், படை இருக்கிற இடத்திலேயே உரசிக்கொண்டிருக்கும். வெள்ளி என்றால் கழற்றி வையுங்கள், கறுப்புக் கயிறு என்றால் அறுத்துப் போட்டுவிட்டுக் குணமான பிறகு புதுசு கட்டுங்கள். கைலி, ஜட்டி, துண்டு எல்லாவற்றையும் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்புறம் வெளியே தெரிய வெயிலில் உலர்த்துங்கள். வெயிலுக்கா நம் சீமையில் பஞ்சம்? ஒரே துண்டை வீடே பயன்படுத்தக் கூடாது. புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர்கள், கல்யாணச் சமையலில் ஈரத்திலேயே நிற்கிறவர்கள் கால்விரல் இடுக்கைப் பாருங்கள், முக்கியமாகச் சுண்டுவிரல் பக்கம். அங்கே சேற்றுப்புண் இருந்தால் அதே பூஞ்சை இடுப்புக்கு ஏறும். ஷூ போடுகிறவர்கள் சாக்ஸை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஜட்டியைப் போடுங்கள். காலில் இருப்பது துணியோடு மேலே வராது. சிரிக்காதீர்கள்.

இனி வந்த ஆட்சேபணைகள்.

"எங்க பாட்டி சீமை அகத்தி இலையை அரைச்சுத்தான் போட்டாங்க." நான் பாட்டியை ஒன்றும் சொல்லவில்லையே! வண்டுகொல்லி என்கிற அந்த இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு. உங்கள் டியூப்பைவிட அது எவ்வளவோ மேல். குணமாக்காமல் போனாலும் தோலைக் கிழிக்காது. ஆனால் பூண்டை அரைத்துக் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது வேண்டாம். வெந்து கொப்புளித்துவிடும்.

"டாக்டரே எழுதிக் கொடுத்தார்." எழுதியிருக்கலாம். வேறு தோல் நோய்க்கு எழுதியிருக்கலாம். அதைப் பத்திரப்படுத்தி மச்சானுக்கும் மாமனாருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

"எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் காசு கொடுக்க முடியுமா?" இது நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் கோபப்பட மாட்டேன். தோல் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அங்கேயும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் கூலி போகும், உண்மைதான். வெறும் க்ளோட்ரிமசோல் மக்கள் மருந்தகத்தில் மலிவு.

"யாவாரம் கெடுது." இதைத்தான் விழுங்க முடியவில்லை. யாவாரம்தான் குறி என்றால் நான் வாயை மூடிக்கொண்டு அந்த டியூப்பையே விற்கலாமே? அதை வாங்கினவர் மாதா மாதம் வருவார். க்ளோட்ரிமசோல் வாங்கி ஒழுங்காகத் தடவினவர் அதற்காகத் திரும்பி வரவே மாட்டார். 2018-லேயே இந்த ஸ்டீராய்டுக் களிம்புகளை அட்டவணை எச்-சில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு கேட்டால் "பெரிய இவரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கிறது, என்ன செய்ய.

கோட்டையூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையில் காலி டியூப்களாகக் கொண்டுவந்து கொட்டினார். ஒவ்வொன்றும் அடியிலிருந்து சுருட்டி நசுக்கி, கடைசியில் பிளேடால் கீறி, உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்தெடுத்தது. "இதுல இன்னும் ஒண்ணு குடுங்க தம்பி, இதுக்குத்தான் கேக்குது." வேட்டியைத் தளர்த்திக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அடிவயிறு வரை தேசப்படம். தோல் காகிதம் மாதிரி, உள்ளே ரத்தக்குழாய் தெரிகிறது. பேத்திக்கும் வந்திருக்கிறதாம், "அவளுக்கும் இதைத்தான் கொஞ்சூண்டு தடவுறோம்" என்றார். குழந்தைத் தோல் வழியாக ஸ்டீராய்டு எளிதில் உள்ளே போகும். வளர்ச்சியையே பாதிக்கலாம். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? அவருக்கு யாரோ ஒரு தம்பி "நம்ம மக்களுக்குப் பயன்படட்டும்" என்று சொல்லிக் கொடுத்ததுதானே இது.

படைக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. இதே சாமானை முகத்துக்குப் போடுகிறார்களே! பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு மாதம் முன்பே "வெளுக்குற க்ரீம்" என்று வீட்டுப் பெரியவர்களே வாங்கி வருகிறார்கள். தடவினால் கொஞ்ச நாள் பளபளக்கும். அப்புறம் முகம் முழுக்கப் பரு, பூனைமுடி, வெயிலில் நின்றால் எரிச்சல், கன்னத்தில் சிவப்பு நரம்பு. நிறுத்தினால் முகம் வீங்கிச் சிவக்கும், அதனால் நிறுத்தவும் முடியாது. கறுப்பாகப் பிறந்த பிள்ளையின் தோலில் என்ன நோய் கண்டீர்கள், மருந்து தடவ? இதைச் சொன்னாலும் யாவாரம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டில் டியூப் இருந்தால் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ட்ரையாம்சினலோன் - இதில் ஒன்று இருந்தாலும் படைக்கு ஆகாது. ரொம்ப நாளாகத் தடவி வருகிறவர்கள் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் பொங்கும். அந்த நேரத்தில்தான் பலரும் பயந்து பழைய டியூப்பையே தேடுகிறார்கள். அதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுங்கள், காலி டியூப்பையும் எடுத்துப் போங்கள். ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும், சின்னச் சோதனை. அன்று காலையில் எந்தக் களிம்பும் தடவாமல் போங்கள். இன்பாக்ஸில் படம் அனுப்பி "இது என்ன அண்ணே" என்று கேட்காதீர்கள், படம் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன்.