ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டால் பி.எஃப். பணம் போய்விடுமா?

"சேர்ந்த ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டால் பி.எஃப். பணம் முழுவதும் கம்பெனிக்கே போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. ஒரே மாதம் வேலை பார்த்திருந்தாலும் உங்கள் பங்கு, கம்பெனி கட்டிய பங்கு இரண்டும் உங்கள் கணக்கில்தான் இருக்கும்.

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் உங்களிடம் பிடிப்பது 1,800. கம்பெனி கட்டும் 1,800-ல் 1,250 பென்ஷனுக்கும் 550 பி.எஃப்.-க்கும் போகும். இரண்டு மாதத்தில் பி.எஃப்.-ல் மட்டும் 4,700 ரூபாய் சேர்ந்திருக்கும். பாஸ்புக்கில் நீங்களே பார்க்கலாம்.

குழப்பம் வந்தது பென்ஷன் பங்கிலிருந்துதான். ஆறு மாதம் முடிக்காதவர்கள் அதை எடுக்க முடியாது என்ற விதி முன்பு இருந்தது. 2024 ஜூனில் அதுவும் திருத்தப்பட்டுவிட்டது.

உண்மையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிடும், பணத்தை மாற்றப் போனால் அங்கேயே நிற்கும். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) தளத்தில் 'மேனேஜ்', 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே தேதியைப் பதியலாம். புது வேலையில் அதே யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள்.

பயந்துபோய்ப் பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.